ஆதரவு முடியும் தேதியிலிருந்து தொடங்குங்கள்: சர்வருக்கு லினக்ஸ் தேர்ந்தெடுக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தங்கள் இணையதளத்தை டெடிகேட்டட் சர்வரில் நடத்தும் நிறுவனங்களின் தொழில்நுட்பக் குழுக்களுக்கு,

வணக்கம்.

புதிய சர்வரை வாங்குவதற்கோ வாடகைக்கு எடுப்பதற்கோ நீங்கள் கூடிப் பேசும்போது, பிராசசர், நினைவகம், வட்டு, அலைவரிசை ஆகியவை விரிவாக அலசப்படுகின்றன. ஒப்பீட்டு அட்டவணைகள் தயாராகின்றன. விலையும் பேசி முடிக்கப்படுகிறது. அந்த இயந்திரத்தில் எந்த லினக்ஸ் வழங்கலை, அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் எந்த வகையை, நிறுவுவது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கூட்டத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டு, பொறுப்பாளருக்குப் பழக்கமானதையே போட்டுக்கொள்ளட்டும் என்றோ, வாடகை நிறுவனத்தின் பட்டியலில் முதலில் இருப்பதே போதும் என்றோ முடித்துவைக்கப்படுகிறது. வட்டு பழுதானால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். வழங்கலை மாற்ற வேண்டுமென்றால் தளம், தரவுத்தளம், மின்னஞ்சல், சான்றிதழ்கள், காப்புநகல் ஏற்பாடு என்று அனைத்தையும் வேறோர் இயந்திரத்தில் மீண்டும் எழுப்ப வேண்டியிருக்கும். ஆகவே இந்தத் தீர்மானத்திற்கு உரிய நேரத்தை ஒதுக்குமாறும், ஒரு குறிப்பிட்ட கேள்வியிலிருந்து அதைத் தொடங்குமாறும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இந்த வழங்கலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதி வரை வரும், அந்தத் தேதி நெருங்கும்போது அடுத்த பதிப்பிற்கு எவ்வழியில் செல்வோம் என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி ஏன் முதலில் வர வேண்டும் என்பதை, ரெட் ஹாட் நிறுவனத்தின் கட்டண வழங்கலைப் பின்பற்றி இலவசமாகக் கிடைத்த சென்ட்ஓஎஸ் வழங்கலின் 8 ஆம் பதிப்பின் கதையே சொல்லிவிடும். 2019 செப்டம்பரில் வெளியான அப்பதிப்புக்கு 2029 மே வரை திருத்தங்கள் கிடைக்கும் என்று அனைவரும் எண்ணியிருந்தனர். அதை நம்பி எத்தனையோ நிறுவனங்கள் புதிய சர்வர்களை அமைத்தன. 2020 டிசம்பர் 8 அன்று, சென்ட்ஓஎஸ் 8 அடுத்த ஆண்டு டிசம்பர் 31 உடன் நின்றுவிடும் என்றும், இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே தொடரும் என்றும் அறிவிப்பு வந்தது. அந்தக் கட்டண வழங்கலான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் அடுத்த சிறு பதிப்புக்குச் செல்லவிருக்கும் மாற்றங்கள் முன்னதாகவே வந்துசேரும் இடமே ஸ்ட்ரீம். அந்த நிறுவன வழங்கலின் வெளிவந்துவிட்ட பதிப்பை அப்படியே பின்தொடர்ந்த பழைய சென்ட்ஓஎஸ் வேறு, இது வேறு. புதிய பதிப்பிற்கு மாறாமல் சென்ட்ஓஎஸ் 7 இலேயே தங்கியிருந்தவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை திருத்தங்கள் கிடைத்தன. பொறுப்போடு முன்கூட்டியே 8 க்கு மாறியவர்களுக்கோ ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான அவகாசம்தான் தரப்பட்டது. அந்த அநீதியை நினைக்கும்போது இப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

அதன் பின்னர் 2021 மார்ச்சில் ஆல்மாலினக்ஸ் என்னும் இலவச வழங்கலும், சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கிரிகரி குர்ட்சர் முன்னின்று நடத்திய ராக்கி லினக்ஸ் அதே ஆண்டு ஜூனிலும் வெளிவந்து அந்த வெற்றிடத்தை நிரப்பின. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் நிறுவன வழங்கலின் மூலநிரலைப் பொதுவெளியில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் வழியாக மட்டுமே தருவதென்று முடிவெடுத்தபோது, ஆல்மாலினக்ஸ் அச்சு அசலான நகல் என்ற இலக்கைக் கைவிட்டு, அதே மென்பொருள்கள் மாற்றமின்றி ஓடும் அளவுக்கு இணக்கமாக இருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்தது. ராக்கி பழைய இலக்கிலேயே நின்றது. இவ்விரண்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரண்டும் நன்றாகவே பராமரிக்கப்படுகின்றன. ஆனால் ஒரு வழங்கலின் ஆயுளை முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அது தனியொரு நிறுவனத்தின் வணிகத் தீர்மானத்தைச் சார்ந்ததா, அறக்கட்டளையைச் சார்ந்ததா, தன்னார்வலர் சமூகத்தைச் சார்ந்ததா என்பதை உங்கள் குழு கேட்டறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

இப்போது நடைமுறையில் உங்கள் முன் இருக்கும் தெரிவுகளைப் பார்ப்போம். 1993 இல் தொடங்கிய டெபியன் எந்த நிறுவனத்திற்கும் சொந்தமானதன்று. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலைப் பதிப்பு வருகிறது. மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன் பின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) எனப்படும் தனிக் குழுவின் பொறுப்பில் மேலும் இரண்டு ஆண்டுகளும் கிடைக்கின்றன. 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12 இவ்வாறு 2028 ஜூன் வரை செல்லும். உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்புகள் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருகின்றன; ஐந்து ஆண்டுகள் வழக்கமான ஆதரவு உண்டு, உபுண்டு புரோ சந்தாவுடன் அது பத்தாண்டாகிறது. ரெட் ஹாட், ஆல்மாலினக்ஸ், ராக்கி ஆகியவை அடங்கிய ரெட் ஹாட் குடும்பத்தில் ஒரு முதன்மைப் பதிப்புக்குப் பத்தாண்டுகள். ஃபெடோராவின் ஒரு பதிப்பு சுமார் 13 மாதங்களில் முடிந்துவிடுகிறது. உபுண்டுவின் இடைப்பட்ட பதிப்புகள் 9 மாதங்களில் முடிகின்றன. ஆர்ச் போன்ற, மாற்றங்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும் தொடர்-வெளியீட்டு வழங்கல்களுக்குப் பதிப்பே கிடையாது. மேசைக் கணினிக்கு இவை மூன்றும் சிறந்தவையாக இருக்கலாம். யாரும் அன்றாடம் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய வெப் சர்வருக்கு இவை ஏற்றவையல்ல என்பதே என் உறுதியான கருத்து.

பத்தாண்டு என்ற எண்ணைப் பார்த்தவுடன் முடிவெடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த எண் வழங்கலில் உள்ள ஒவ்வொரு மென்பொருள் தொகுப்புக்கும் பொருந்துவதன்று. ரெட் ஹாட் குடும்பத்தில் பின்னர் சேர்க்கப்படும் பிஎச்பி, நோட் போன்றவற்றின் மாட்யூல் ஸ்ட்ரீம்களுக்கு, அதாவது தனித்தனிப் பதிப்பு வரிசைகளுக்கு, தனி முடிவுத் தேதிகள் உண்டு. அவை வழங்கலின் ஆயுளைவிட மிகக் குறுகியவை. கூடுதல் தொகுப்புகளுக்காக எல்லோரும் இணைத்துக்கொள்ளும் ஈபெல் களஞ்சியம் தன்னார்வலர்களால் பராமரிக்கப்படுவது. அதிலுள்ள ஒரு தொகுப்பைப் பராமரிப்பவர் விலகிவிட்டால் அந்தத் தொகுப்பும் போய்விடலாம். உபுண்டுவில் ஐந்தாண்டு வாக்குறுதி மெயின் என்ற பகுதிக்கே முழுமையாகப் பொருந்துகிறது. யுனிவர்ஸ் பகுதியிலுள்ள தொகுப்புகளுக்கான விரிவான பாதுகாப்புத் திருத்தங்கள் புரோ சந்தாவின் கீழ் வருகின்றன. அங்கே மைஎஸ்கியூஎல் மெயினில் இருக்கிறது, மரியாடிபி யுனிவர்ஸில் இருக்கிறது என்பதை அறியாமலேயே பலர் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். உங்கள் தளம் உண்மையில் சார்ந்திருக்கும் ஏழெட்டுத் தொகுப்புகளின் பெயர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது, அதற்கு யார் பொறுப்பு என்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது.

டெபியனைக் குறித்தும் நிறுவன வழங்கல்களைக் குறித்தும் அடிக்கடி எழும் ஓர் ஆட்சேபத்திற்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். இவற்றிலுள்ள மென்பொருள்கள் பழையவை, பழையவை பாதுகாப்பற்றவை என்று கூட்டங்களில் சொல்லப்படுகிறது. வெளியிலிருந்து வரும் தணிக்கை அறிக்கைகளும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சிவப்புக் குறியிட்டுவிடுகின்றன. நிலை வழங்கல்கள் செயல்படும் முறையை அறியாததால் எழும் ஆட்சேபம் இது. 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை வெளியானபோது, இணைய இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் திட்டத்தார் அதை 1.0.1ஜி பதிப்பில் சரிசெய்தனர். டெபியன் 7 இல் இருந்ததோ 1.0.1இ. டெபியன் பாதுகாப்புக் குழு புதிய பதிப்புக்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய 1.0.1இ நிரலில் சேர்த்து, தொகுப்பின் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் டெப்7யூ5 என்ற ஒட்டுடன் வெளியிட்டது. ரெட் ஹாட்டும் தன் 6 ஆம் பதிப்பில் அவ்வாறே 1.0.1இ யை வைத்துக்கொண்டு பின்னொட்டை மட்டும் மாற்றியது. பதிப்பு எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்த சர்வர் ஓட்டையுள்ளது. பின்னொட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது அடைக்கப்பட்டது. திருத்தத்தைப் பின்கொண்டுசேர்க்கும் இந்த உழைப்புதான் நிலை வழங்கல் உங்களுக்கு அளிக்கும் முதன்மையான சேவை. பாதுகாப்பு அப்டேட் வந்த மறுநாள் தளத்தின் நடத்தை மாறாமல் இருப்பது அதனால்தான். ஆகவே தணிக்கையாளர் சிவப்புக் குறியிட்ட எண்ணுக்காக மூன்றாம் தரப்புக் களஞ்சியத்திலிருந்து புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லை இறக்கி நிறுவுமாறு உங்கள் நிர்வாகியை நிர்ப்பந்திக்காதீர்கள். வழங்கலின் பாதுகாப்பு அறிவிப்பில் அந்த ஓட்டை (அதன் அடையாளமான சிவிஇ எண்ணைக் கொண்டு தேடலாம்) எந்தத் தொகுப்புப் பதிப்பில் தீர்ந்தது என்று காட்டி, அதைத் தணிக்கையாளரிடம் பதிலாக அளியுங்கள்.

புதியதைத் தாமதமாக ஏற்பதன் பயனை 2024 மார்ச் 29 அன்று உலகமே கண்டது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய பின்கதவை, எஸ்எஸ்எச் எனப்படும் தொலைநிலை உள்நுழைவு அரை விநாடி அளவுக்குத் தாமதமானதை வைத்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் கண்டறிந்தார். டெபியனின் சோதனைப் பிரிவுகளிலும், ஃபெடோராவின் வளர்நிலைப் பதிப்புகளிலும், ஓப்பன்சூசே டம்பிள்வீடிலும் அந்தப் பதிப்புகள் ஏற்கெனவே நுழைந்திருந்தன. டெபியன் 12, ரெட் ஹாட் 9 ஆகிய நிலைப் பதிப்புகளில் நுழையவில்லை. அந்த நாளில் நிலைப் பதிப்பை ஓட்டியவர்கள் சரிபார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினர்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, டெபியனை விரும்பும் நான் ரெட் ஹாட் குடும்பத்திற்கு உரிய பெருமையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அங்கே ஒவ்வொரு நிரலும் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ், வழங்கலை நிறுவிய நாள் முதலே கட்டாய நிலையில் இருக்கிறது, வெப் சர்வர் அதன் கட்டுக்குள் இயங்குகிறது. ஃபயர்வாலும் தொடக்கத்திலிருந்தே செயலில் இருக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் அதே வகைக் கருவியான ஆப்ஆர்மர் இயல்பாகச் செயலில் இருந்தாலும், வெப் சர்வர் மென்பொருள்களான அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ இயல்பு அமைப்பில் அதன் கட்டுக்குள் வருவதில்லை. டெபியனில் ஃபயர்வால் விதிகளையும் நீங்களே எழுத வேண்டும். இந்த ஒரு கூறில் ரெட் ஹாட் குடும்பமே முன்னிற்கிறது.

ஆனால் அந்த நன்மை உங்கள் ஆட்களின் கையில் நிலைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். நான் பலமுறை கண்ட ஒரு காட்சியை விவரிக்கிறேன். என்ஜின்எக்ஸ் முன்னால் நின்று, அதே இயந்திரத்தின் 3000 ஆம் போர்ட்டில் ஓடும் செயலிக்குக் கோரிக்கைகளை அனுப்புமாறு அமைக்கப்படுகிறது. செயலி ஓடுகிறது, நேரடியாகக் கேட்டால் பதிலும் தருகிறது, உலாவியிலோ 502 என்ற பிழை வருகிறது. பிழைப்பதிவைத் திறந்தால், இணைப்பு முயற்சிக்கு 13 என்ற எண்ணுடன் அனுமதி மறுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது. கோப்பு உரிமைகளை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, ஏனெனில் வெப் சர்வர் தானாக நெட்வொர்க் இணைப்பு தொடங்குவதை எஸ்இலினக்ஸ் இயல்பாகவே தடுத்துவைத்திருக்கிறது. அதற்கென உள்ள ஒரு பூலியன் (ஆம்/இல்லை) அமைப்பை நிரந்தரமாக இயக்கிவிட்டால் ஒரே வரியில் தீர்ந்துவிடும். இதை அறியாதவர் இணையத்தில் தேடி, எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரையைக் கண்டு அவ்வாறே செய்கிறார். பின்னர் அதை யாரும் மீண்டும் இயக்குவதில்லை. எஸ்இலினக்ஸின் தணிக்கைப் பதிவைப் படிக்கத் தெரிந்த ஒருவரேனும் உங்கள் குழுவில் இருந்தால் ஆல்மாலினக்ஸையோ ராக்கியையோ தயங்காமல் எடுங்கள். இல்லையென்றால் அந்த ஒருவரை உருவாக்க நேரமும் பயிற்சியும் தர முன்வாருங்கள்.

டெடிகேட்டட் சர்வர் என்பதால் மட்டுமே எழும் சில கேள்விகளும் உண்டு. மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் மேம்படுத்துவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் பதிவு) எடுத்து, தவறினால் பின்னுக்குத் திரும்பலாம். இங்கே அந்த வசதி இயல்பாக இல்லை. வன்பொருளும் நேரடியாக உங்கள் பொறுப்பாகிறது. ரெட் ஹாட் 9, எக்ஸ்86-64-வி2 என்னும் கட்டளைத் தொகுதி உள்ள பிராசசரையே கோருகிறது. 10 ஆம் பதிப்போ வி3 ஐக் கோருகிறது, அதாவது ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லாத பழைய ஜியான் பிராசசர்களில் அது ஓடாது. ஆல்மாலினக்ஸ் 10 மட்டும் வி2 இயந்திரங்களுக்கெனத் தனிக் கட்டமைப்பையும் தருகிறது. குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பழைய சர்வரை எடுக்கும் குழுக்கள், இன்று நிறுவும் பதிப்பு ஓடுகிறதா என்பதுடன் நின்றுவிடாமல், அடுத்த பதிப்பு அந்த இயந்திரத்தில் ஓடுமா என்றும் பார்க்க வேண்டும். பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் பழைய ரெய்டு கன்ட்ரோலர்களுக்கான டிரைவர்கள் நிறுவன வழங்கல்களின் புதிய பதிப்புகளில் நீக்கப்படுவதும் உண்டு. டெபியனைப் பொறுத்தவரை, சில நெட்வொர்க் கார்டுகளுக்குத் தேவையான கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் 12 ஆம் பதிப்பிலிருந்து நிறுவியிலேயே சேர்க்கப்படுவதால், முன்பிருந்த பெருந்தொல்லை நீங்கிவிட்டது.

பதிப்பு மேம்பாட்டின்போது நடப்பவை இன்னும் நுணுக்கமானவை. இயங்குதளத்தின் மையமான கர்னல் மாறும்போது நெட்வொர்க் இடைமுகத்தின் பெயர் மாறி, பழைய பெயரில் எழுதப்பட்ட அமைப்புக் கோப்பு பயனற்றுப்போய், சர்வர் முழுமையாக இயங்கிக்கொண்டே இணையத்திலிருந்து மறைந்துவிடக்கூடும். ஒரே தரவை இரு வட்டுகளிலும் வைக்கும் ரெய்டு 1 இல் இரண்டு வட்டுகள் இருந்தும், இயந்திரத்தைத் துவக்கும் கிரப் நிரல் ஒன்றில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்த வட்டு போனவுடன் தரவு பத்திரமாக இருந்தும் இயந்திரம் துவங்காது. இவ்விரு நிலைகளிலும் உங்களைக் காப்பது ஐபிஎம்ஐ போன்ற தொலைநிலைக் கன்சோல்தான். அது வாடகையில் அடங்குமா, எந்நேரமும் கிடைக்குமா, அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பவை வழங்கலைத் தேர்ந்தெடுக்கும் அதே கூட்டத்தில் பேசப்பட வேண்டியவை.

மேம்பாட்டு வழியிலும் வழங்கல்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. டெபியனில் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு அதே இயந்திரத்திலேயே செல்வது வெளியீட்டுக் குறிப்புகளில் படிப்படியாக விளக்கப்பட்ட, ஆதரிக்கப்பட்ட வழி. இடையில் ஒன்றைத் தாண்டிச் செல்வது மட்டும் கூடாது. உபுண்டுவும் ஓர் எல்டிஎஸ்ஸிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு வழி தருகிறது. ரெட் ஹாட்டில் லீப் என்னும் கருவியும், ஆல்மாலினக்ஸில் எலிவேட் என்னும் கருவியும் உள்ளன. ராக்கி திட்டமோ முதன்மைப் பதிப்பு மாறும்போது புதிதாக நிறுவுவதையே பரிந்துரைக்கிறது. அது குறையன்று, பழைய சர்வரையும் புதிய சர்வரையும் ஒரு மாதம் அருகருகே ஓடவிட்டு, தளத்தின் முகவரியைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் கால அளவான டிஎன்எஸ் டிடிஎல்லை முன்கூட்டியே குறைத்து, ஒருநாள் இரவு மாற்றிவிடுவதே எந்த வழங்கலிலும் மிகப் பத்திரமான வழி. அதற்கான இரட்டை வாடகையை நிதிநிலைத் திட்டத்தில் முதல் ஆண்டிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் செய்தி.

என் பரிந்துரையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ், பிஎச்பி அல்லது பைத்தான், ஒரு தரவுத்தளம் என்ற அளவில், ஓரிருவர் பொறுப்பில் இயங்கும் தளத்திற்கு டெபியன் நிலைப் பதிப்பே சிறந்தது. அதனுடன் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ் தொகுப்பை முதல் நாளிலேயே இயக்கிவையுங்கள். சர்வரை உலாவி வழியே நிர்வகிக்கும் சிபேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகை கட்டாயம் என்றால், தேர்வு உங்கள் கையில் இல்லை. சிபேனல் டெபியனை ஆதரிப்பதில்லை, ஆகவே ஆல்மாலினக்ஸோ ராக்கியோ அது ஆதரிக்கும் உபுண்டு எல்டிஎஸ்ஸோதான். சான்றளிக்கப்பட்ட வணிக மென்பொருள் ஓட வேண்டும், நள்ளிரவில் அழைத்தால் எடுப்பதற்கு ஒருவர் வேண்டும் என்றால் ரெட் ஹாட்டுக்கோ உபுண்டு புரோவுக்கோ சந்தா செலுத்துங்கள். அந்தச் செலவு வீண் அன்று. எதைத் தேர்ந்தாலும் உங்கள் எல்லாச் சர்வர்களிலும் அதையே வையுங்கள். தொகுப்புகளை நிறுவ ஒன்றில் ஏபிடி, மற்றொன்றில் டிஎன்எஃப், ஒன்றில் அப்பாச்சியின் அமைப்பு ஓர் அடைவில், மற்றொன்றில் வேறோர் அடைவில் வேறு பயனர் பெயருடன் என்று இருந்தால், அவசர நேரத்தில் தவறு நிகழும்.

அடுத்த கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டில் வழங்கலின் பெயருடன் சில விவரங்களையும் சேர்த்து எழுதுமாறு உங்களை வேண்டுகிறேன்: பாதுகாப்பு ஆதரவு முடியும் நாள், மாதம், ஆண்டு, அதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன் மேம்பாட்டு ஒத்திகையைத் தொடங்க வேண்டிய நாள், அந்த ஒத்திகைக்கு ஒதுக்கப்படும் இரண்டாவது இயந்திரத்தின் செலவு, அதைச் செய்யவேண்டியவரின் பெயரும், அவர் அப்போது பணியில் இல்லாவிட்டால் பொறுப்பேற்பவரின் பெயரும். இவற்றை எழுத முடியாத வழங்கலை அந்தக் கூட்டத்தில் ஏற்காதீர்கள்.

மரியாதையுடன்,
இணைய சர்வர்களைப் பராமரிக்கும் ஒரு நிர்வாகி